எட்டு வாரம் தாயிடம் விடுங்கள்

எங்கள் தெருக்கோடியில், கருங்கல் கொட்டிய கரைக்கு இந்தப் பக்கம், விரிசல் விட்ட பழைய ஃபைபர் படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. 2024 ஆடிப்பெருக்கு முடிந்த இரண்டாம் நாள் அதற்கடியில் செம்மி நான்கு குட்டிகள் போட்டது. செம்மி தெருநாய். யார் வீட்டுத் திண்ணையிலும் படுக்கும், யார் போட்டாலும் தின்னும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், மீன் தலை போட்டுக் காய்ச்சிய கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்தப் படகுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள்தான் அதைப் பார்த்தேன். கண் திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். நடை தள்ளாட ஒவ்வொரு குட்டியாகப் படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நாலடி தள்ளி, வலைத்துண்டு கிடந்த மணல் திட்டில் உட்கார்ந்து மூத்திரம் பெய்தது. திரும்பிப் போய்த் தாயோடு ஒண்டிக்கொண்டது. அவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏறத்தாழ அதே வயதில் ஒரு குட்டி, விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. மகன் நகரத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிவந்தான். லேப்ரடார் கலப்பு. "32 நாள் ஆச்சு, பால் மறந்தாச்சு, சோறே திங்கும்" என்று விற்றவர் சொன்னாராம். பேத்தி அதற்கு லட்டு என்று பேர் வைத்தாள். அட்டைப்பெட்டியில் என் பழைய சேலையை மடித்துப் போட்டு அதில் படுக்கவைத்தோம். விடியற்காலை பார்த்தால், மூத்திரமும் மலமும் கலந்து ஊறிய சேலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் அப்பியிருந்தது. குளிப்பாட்டி, வேறு துணி போட்டு விட்டேன். மறுநாளும் அதே கோலம். அதற்கு மறுநாளும்.

படகுக்கடியில் பிறந்தது சுத்தமாக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது தன் அசிங்கத்திலேயே படுக்கிறது. ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. காலாப்பட்டு வட்டாரத்தில் 28 ஆண்டுகள் அங்கன்வாடி ஊழியராக இருந்தவள் நான். இரண்டரை வயதில் நனைந்த ஜட்டியோடு இடுப்பில் ஏறி வந்த எத்தனையோ பிள்ளைகளைத் "டீச்சர், ஒண்ணுக்கு" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். அந்த வேலையில் அடி ஒரு நாளும் உதவியதில்லை என்பதை என் கையால் செய்து அறிந்தவள். அந்த அனுபவத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

லட்டு பிறந்த இடத்தைப் பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மொட்டைமாடியில் தகரக் கூரை. அதன் கீழ் கம்பிக் கூண்டுகள். ஒரு கூண்டில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள், அடியில் செய்தித்தாள். சோற்றுத் தட்டும் அதற்குள்ளேயே, கழிப்பதும் அதற்குள்ளேயே, தூங்குவதும் அதற்குள்ளேயே. நாலடி தள்ளிப் போக அந்தக் குட்டிகளுக்கு வழி எங்கே இருந்தது? வெளியேற வேண்டும் என்ற உணர்ச்சி எழும் வயதில் வெளியேற முடியாமல் அடைத்து வைத்தால், சில வாரங்களில் அந்த உணர்ச்சி மழுங்கிவிடும். லட்டுவுக்கு நடந்தது இதுதான்.

பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரம் பெய்யவும் தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டினால்தான் வரும். வந்ததைத் தாயே நக்கித் தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். மூன்றாவது வாரத்தில் கால் நிற்கத் தொடங்கியதும் குட்டி தானே படுக்கையை விட்டு வெளியே வரும். எட்டு ஒன்பது வார வாக்கில் இந்த இடம்தான் என்று ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965இல் பெரிய புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்களாம். லட்டுவுக்கு இரண்டாவது ஊசி போட்ட இளம் மருத்துவர் சொன்னார். நான் படகுக்கடியில் பார்த்ததும் அவர்கள் எழுதியதும் ஒன்றாக இருந்ததில் எனக்கு ஒரு நிறைவு.

இந்த எட்டு வாரக் கணக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் 2017இல் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். 32 நாள் என்று வாய்விட்டுச் சொல்லி விற்றவர் சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. வாங்கிய என் மகனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. குட்டி சின்னதாக, பொம்மை மாதிரி இருக்கும்போதே விலை போகும்; எட்டு வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவும் ஊசிச் செலவும் விற்பவர் தலையில் விழும். அதனால்தான் முப்பது நாளில் தள்ளிவிடுகிறார்கள். அந்தச் செலவையும் பாடத்தையும் சேர்த்து, ஒன்றுமறியாத ஒரு வீட்டின் தலையில் கட்டுகிறார்கள்.

கட்டியபின் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். எங்கள் வீட்டிலும் நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். மெத்தையில் லட்டு மூத்திரம் பெய்ததைப் பார்த்ததும் அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து, சுருட்டிய பேப்பரால் இரண்டு அடி வைத்தார். அவர் அப்பா அப்படித்தான் செய்தார், ஊரே அப்படித்தான் செய்கிறது. அதன்பின் லட்டு எங்கள் கண்ணெதிரில் ஒண்ணுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டது. பீரோவுக்குப் பின்னால் போனது. கட்டிலுக்கடியில் மூலையில் போனது. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் நின்றாலும் போகாது. உள்ளே கொண்டுவந்து விட்டு நாம் திரும்பினால் போய்விடும். ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும் என்று அதற்குப் புரிந்திருந்தது. இடம் தப்பு என்பது புரியவே இல்லை. நாம் நினைத்த பாடம் ஒன்று, அது படித்த பாடம் வேறு.

இன்னொன்றும் கண்டேன். அவர் வெளியே போய்விட்டு வந்து குனிந்து கொஞ்சப்போனாலே லட்டு தரையோடு தாழ்ந்து, வாலைச் சுருட்டி, இரண்டு சொட்டு மூத்திரம் விடும். "பாரு, வேணும்னே பண்ணுது" என்றார். வேணும் என்று செய்வதில்லை. பெரியவர்களிடம் அடங்கிப்போகிறேன் என்று சின்னக் குட்டி காட்டும் மரியாதை அது. அதற்காகத் திட்டினால் இன்னும் அதிகமாகும். அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, அதட்டும் குரல் கேட்டால் நின்ற இடத்திலேயே நனைத்துக்கொள்ளுமே, அதேதான். அவரிடம் நேராகப் பார்க்காமல், குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டச் சொன்னேன். பத்து நாளில் அது நின்றுபோனது.

முதல் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நாங்கள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதி, "மூணு ஊசியும் முடியற வரைக்கும் வெளிய விடாதீங்க" என்றார்கள். சொன்னது சரியான காரணத்துக்காகத்தான். பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலாக வந்து சில நாளில் உயிரைக் குடிக்கும். நோயுள்ள நாய் கழித்த மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஓராண்டுக்கு மேலும் அந்த வைரஸ் உயிரோடு கிடக்கும். ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் போட்டு, பதினாறு வாரத்தில்தான் முடியும். சரி, பதினாறு வாரம்வரை குட்டி எங்கே கழிக்கும்? அதை அங்கே யாரும் சொல்லவில்லை. நான்கு மாதம்வரை வீட்டுக்குள்ளேயே பழகிய குட்டி, ஊசி முடிந்த மறுநாள் வெளியே போய்க் கழிக்கும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? தெருவெங்கும் நான் கேட்கும் "நாய் வீட்டை நாசம் பண்ணுது" என்ற புலம்பலில் பாதி இந்த ஒரு ஓட்டையிலிருந்து வருகிறது.

இரண்டாவது ஊசிக்கு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "குட்டி எங்க போகுதும்மா?" என்பதுதான். வேறு நாய் ஏறிவராத இடம் உங்கள் வீட்டில் எது என்றார். மொட்டைமாடி என்றேன். அங்கே மணல் வையுங்கள் என்றார்.

மணல் என்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரான பிள்ளைச்சாவடியில் இப்போது மணல் இல்லை. நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டிலிருந்து கடலுக்கு நடக்க நேரமாகும். கருவாடு காயப்போட, வலை உலர்த்த, பிள்ளைகள் சடுகுடு ஆட என்று அவ்வளவு மணல். 1980களின் பிற்பகுதியில் தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கடலோடு நகர்ந்துவரும் மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே இருக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. எங்கள் ஊரும் கரைந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது வீடுகள் கடலில் விழுந்ததை நின்று பார்த்தவர்கள் நாங்கள். கரையைக் காக்கும் தூண்டில் முள் வளைவு கேட்டு ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தது. இன்று கடலுக்கும் தெருவுக்கும் நடுவே கருங்கல் மட்டும்தான். ஊர் நாய்கள் அந்தக் கல்லிடுக்கிலும் வீட்டு வாசல்களிலும்தான் கழிக்கின்றன, அவற்றுக்கும் வேறு இடமில்லை.

வீடு பூசியபோது மிச்சமான இரண்டு மூட்டை மணல் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நீல டிரம் ஒன்றை நெடுக்கில் பாதியாக அறுத்து, மாடியில் நிழலில் வைத்து, அந்த மணலைக் கொட்டினார் வீட்டுக்காரர். லட்டு முதல்முறை நனைத்த சேலைத் துண்டில் ஒரு கிழிசலை அதில் போட்டேன். வாசனை பிடித்தால்தான் இடம் பிடிக்கும்.

பிறகு நேரம். இந்த வேலை முழுவதும் நேரத்தில்தான் இருக்கிறது. தூங்கி எழுந்த உடனே, தின்று முடித்துப் பத்து இருபது நிமிடத்தில், விளையாடி ஓய்ந்ததும், படுக்குமுன். இந்த நான்கு வேளையும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். இரண்டு மாதக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மூன்று மாதம் என்றால் நான்கு மணி நேரம். மாதத்துக்கு ஒரு மணி, அதோடு இன்னொன்று என்று மருத்துவர் கணக்குச் சொன்னார். அதற்கும் முன்பே போகும் குட்டிகள் உண்டு. தரையை மோந்துகொண்டு சின்ன வட்டமாகச் சுற்றினால், விளையாட்டை விட்டுவிட்டுத் திடீரென்று கதவோரம் போனால், நேரம் வந்துவிட்டது என்று பொருள். பிள்ளைகளிடம் இதைப் படிக்கத் தெரிந்த எனக்கு இது கஷ்டமாக இல்லை. ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று அசையாமல் நின்று, காலோடு காலை ஒட்டி, கண்ணை எங்கோ வைக்கும். அந்த நொடியில் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் ஜட்டி நனையாது.

மணலில் போனதும், அது எழுந்து நகருமுன், அங்கேயே நின்று ஒரு துண்டு அவித்த மீன். கீழே இறங்கி வந்து சமையலறையில் கொடுத்தால், படி இறங்கியதற்குப் பரிசு என்றுதான் அதற்குத் தெரியும். இரண்டு மூன்று நொடிக்குள் கை வாய்க்குப் போக வேண்டும். தவறான இடத்தில் போனால் ஒரு வார்த்தை பேசாமல் துடைத்தேன். பினாயில் ஊற்றித் துடைப்பது நம் வழக்கம். அது நம் மூக்குக்கு மட்டும்தான் மறைக்கிறது. மனித மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். பினாயிலுக்கு அடியில் பழைய மூத்திர வாடை அதற்குத் தெளிவாகத் தெரியும், மறுபடி அங்கேயே போகும். முதலில் ஒற்றியெடுத்து, சோப்புத்தூள் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, துணியானால் நல்ல வெயிலில் போட்டேன். நொதிகொண்டு வாடையை அறுக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது, வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம்.

இரவுதான் சோதனை. இரண்டரை மணிக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டும். நாற்பது ஆண்டு கடல் பழக்கத்தில் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் தானாக விழிப்பு வரும். அடித்த அதே கையால் குட்டியைத் தூக்கி மாடிக்குப் போவார். கீழே தெருவில் இளவட்டங்கள் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுக்குப் போகிற நேரம். "டேய், காத்து வாடையில திரும்பியிருக்குடா" என்று மாடியிலிருந்து அவர்களுக்குக் குரல் கொடுப்பார். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அந்த வேளையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது அந்த ஏழு வாரம்தான்.

ஏழு வாரம் பிடித்தது. தாயிடம் எட்டு வாரம் இருந்து வந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். கூண்டு மழுங்கடித்ததை மீட்கத்தான் மீதி நாள் எல்லாம் போனது.

எங்களுக்கு அந்த ஏழு வாரம் கிடைத்தது. நான் ஓய்வு பெற்றவள், அவரும் வீட்டில் இருப்பவர். விடியுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகிற வீட்டுக்கும், கணவன் மனைவி இருவரும் எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போகிற வீட்டுக்கும் அது கிடைக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் 32 நாள் குட்டியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கிறேன். போன தை மாதம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பொமரேனியன் குட்டி ஒன்று. மூன்று மாதம் இருக்கும். கழுத்தில் சிவப்புப் பட்டை. ஒவ்வொரு காரும் வேகம் குறையும்போது எழுந்து ஓடி, கதவு திறக்குமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்தது. இரண்டாம் நாள் மாலை அது இல்லை. மூன்று மாதம், நான்கு மாதம் என்ற வயதில்தான் இப்படி விட்டுப்போகிறார்கள். அழகு குறைந்து மூத்திரம் பெருகும் வயது அது.

நாயைப் பட்டினியில் தவிக்க விட்டுப்போவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை செய்தவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அறுபது ஆண்டுக்கு முன் ஐம்பது ரூபாய்க்கு மதிப்பு இருந்திருக்கலாம். இன்று அது குட்டிக்கு வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தின் விலை.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்க உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி உத்தரவிட்டது. 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. எங்கள் டீக்கடையிலும் பேசினார்கள். நாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கோபத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை பேச்சிலும், வீட்டிலிருந்து தெருவுக்கு வந்து சேரும் நாயைப் பற்றிய பேச்சு எவ்வளவு குறைவு! தெருவில் இருப்பதைப் பிடித்துக் கருத்தடை செய்துகொண்டே, பின்வாசல் வழியாகப் புதிதாகக் கொட்டிக்கொண்டிருந்தால் எந்த நகராட்சியாலும் கணக்கை முடிக்க முடியாது.

அதனால் நான் கேட்பது இரண்டு. முதலாவது, எட்டு வாரச் சட்டத்தைப் புதுச்சேரி அரசு எழுத்தில் விட்டுவைக்காமல் நடத்திக் காட்ட வேண்டும். விற்பவர் யார், எங்கே, பதிவு உண்டா என்று கால்நடைத் துறை ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும்; மொட்டைமாடிக் கூண்டுகள் ஒளிந்துகொண்டு இல்லை, கைப்பேசியில் படம் போட்டு விற்கிறார்கள்.

இரண்டாவதை இன்னும் அழுத்திக் கேட்கிறேன், ஏனென்றால் அது என் வேலையிலிருந்து வருகிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஊழியராக நான் கையில் வைத்திருந்த முக்கியமான ஆயுதம் தாய் சேய் நல அட்டை. ஊசித் தேதி மட்டும் அதில் இருக்காது. எந்த மாதத்தில் பிள்ளை தலை நிமிரும், எப்போது உட்காரும், எப்போது இணை உணவு என்று படத்தோடு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்கூட அந்தப் படத்தைப் பார்த்துத் தன் பிள்ளையைப் புரிந்துகொள்வாள். நாய்க்குட்டிக்கும் ஊசி அட்டை தருகிறார்கள். அதில் ஒரு பக்கம், தமிழில், படத்தோடு: ஊசி முடியும்வரை வேறு நாய் வராத இடத்தில் மண் தொட்டி, நாலு வேளை, அடிக்காதே, மாதத்துக்கு எத்தனை மணி. புதுச்சேரியிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுத அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மாலை போதும். அச்சடிக்க ஆகும் செலவு, ஒரு தெருநாயைப் பிடித்து அறுவை செய்து விடும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

அந்தப் பக்கத்திலேயே இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். குட்டிக்கு உருண்டைப் புழு தாய் வயிற்றிலேயே வந்துவிடுகிறது, அதனால் இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சி மருந்து வேண்டும். நாய் மலத்திலிருந்து மண்ணில் சேரும் கொக்கிப்புழுவின் குஞ்சு, வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் புகுந்து கோடு கோடாய் அரிக்கும். கருவாடு காயும் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால் அது திமிர் இல்லை. மூத்திரத்தாரையில் தொற்றோ, சர்க்கரையோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீட்டார் குட்டி எடுக்க வேண்டாம். ஒரு வயது தாண்டிய நாயை எடுக்கட்டும். அதற்கு அடக்கும் வலு வந்திருக்கும், சில நாளிலேயே வீட்டுப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

லட்டுவுக்கு நாலு மாதம் நெருங்கும்போது ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் போய்விட்டது. கல் மேல் அலை மோதுகிற அதிர்ச்சி தரை வழியாகக் காலில் ஏறியது. மாடியில் நீல டிரம் நிறைந்து வழிந்தது. மழை நாளில் லட்டு என்ன செய்யும் என்று முன்பே யோசித்து, மீன் கிரேட் ஒன்றில் சாக்கு விரித்து, மிச்ச மணலைக் கொட்டி, உள்திண்ணையில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தேன்.

இருட்டின பிறகு செம்மி வந்தது. அதன் நான்கு குட்டிகளில் ஒன்று வண்டியில் அடிபட்டது, இரண்டை ஆட்கள் எடுத்துப் போனார்கள். மிஞ்சிய ஒன்றோடு நனைந்து நடுங்கிக்கொண்டு திண்ணையில் ஏறி நின்றது. படகுக்கடியில் தண்ணீர் ஏறியிருக்கும். கதவைத் திறந்து உள்ளே விட்டேன். சாக்கை மடித்துப் போட்டதும் தாயும் குட்டியும் படுத்துக்கொண்டன. லட்டு போய் மோந்து பார்த்து, தானும் அந்தச் சாக்கின் ஓரத்தில் படுத்தது.

நடுராத்திரிக்கு மேல் லட்டு எழுந்தது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி வரை போய், மேலே கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தது. திரும்பி கிரேட்டுக்கு வந்து மணலில் உட்கார்ந்தது. அது இறங்கியதும் செம்மியின் குட்டி எழுந்தது. வீட்டுக்குள் அதற்கு அதுதான் முதல் இரவு. சாக்கிலிருந்து நாலடி நடந்து, அதே கிரேட்டின் விளிம்பில் முன்காலை வைத்து மோந்து, ஏறி, அதே மணலில் பெய்துவிட்டு, தாயிடம் போய்ப் படுத்தது.

விடிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.